நல்லா வேகட்டும்

லிஃப்ட்காரருக்கு அன்று சாயங்காலம் ஒரே ஒரு காரியம் நடந்தால் போதும். அவருடைய மனைவி அவர் கண் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, வயிறார ஒரு வேளை சாப்பிட வேண்டும். இதெல்லாம் ஒரு ஆசையா, எந்த வீட்டில் மனைவி சாப்பிடாமல் இருக்கிறாள் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

மனிதர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டின் தலைமேல் ஏறிக்கொண்டு, டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரும்புக் கயிற்றைத் தட்டிப் பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறினால், "பயப்படாதீங்க, நான் மேலதான் இருக்கேன்" என்று ஒரு குரல் கொடுப்பார். அப்படி ஒரு கணீர்க் குரல். யார் கண் பட்டதோ, அந்தக் குரல் குடியிருந்த இடத்திலேயே கட்டி வந்தது. வரக்கூடாத கட்டி. கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமுடியைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். தலைமுடி அவருக்கு ஏற்கெனவே கிடையாது. கட்டி கரைந்தது. போகிற போக்கில் குரலையும் வாயில் ஊறும் எச்சிலையும் நாக்கின் ருசியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. பல மாதம் வயிற்றில் ஒரு டியூபை வைத்து, பால் மாதிரி எதையோ அதில் ஊற்றித்தான் ஆளைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

அந்த மாதங்களில் அவர் மனைவி வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். அவர் எதிரில் யாரும் எதையும் வாயில் போடக் கூடாது. தாளிப்பு நின்றது, வறுவல் நின்றது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் காலைச் சாப்பாட்டையும் ராச்சாப்பாட்டையும் கடையிலேயே முடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் காரோட்டிய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பான். சட்டம் போட்டவள் எங்கே சாப்பிட்டாள், எப்போது சாப்பிட்டாள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

லிஃப்ட்காரருக்குத் தெரியும். ஒரு மத்தியானம் வெந்நீர் வேண்டுமென்று எழுந்து போனார். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவள் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றுகொண்டு, சுவரைப் பார்த்தபடி, கையில் ஏந்திய தட்டிலிருந்து அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாய் முழுசாகத் திறந்திருந்தது. கழுவுவதற்குத் தொட்டியில் ஒரு கரண்டிகூட இல்லை. மெல்லும் சத்தம் அவர் அறை வரைக்கும் கேட்டுவிடக் கூடாதாம், அதற்காகக் குழாய். வெந்நீரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று பூனை மாதிரி திரும்பி வந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அன்றிலிருந்து குழாய்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்கு அழுகை முட்டும். ஆனால் பார்த்ததாக மூச்சு விடவில்லை.

பிறகு டியூபை எடுத்தார்கள். கூழாகக் கரைத்ததையும் குழைய வேக வைத்ததையும் வாய்வழியாகச் சாப்பிடத் தொடங்கினார். இனியாவது வழிக்கு வந்தார்களா என்றால், அதுதான் இல்லை. சாப்பிடும்போது அவருக்கு இருமல் வரும், கண்ணில் நீர் வரும், சில சமயம் மூக்கு வழியாகவும் வரும். அதை அவர்கள் பார்க்க வேண்டாமென்று இவர் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். இவர் கூழ் குடிக்கிறாரே, இவர் முன்னால் நாம் எப்படிச் சாப்பிடுவது என்று அவள் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். ஒரே வீடு, ஒரே புருஷன் பெண்டாட்டி, நடுவில் இரண்டு கதவு. கேட்டால் பாசமாம். இந்தப் பாசத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது, சொல்லுங்கள்!

அவருக்கு அவளிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எப்படிச் சொல்வது? கட்டிய மனைவியிடம் போய் "ரொம்ப நன்றி" என்று சொன்னால், நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பாள். யோசித்து யோசித்து, சொல்வதைவிடச் சோறு போடுவதே மேல் என்று முடிவுக்கு வந்தார். அவருடைய பழைய வேலைக் கட்டடம் ஒன்றில், கீழ்த்தளத்தில், ஃப்ரெஞ்சு பாணி ஸ்டேக் ஹவுஸ் ஒன்று இருந்தது. மாட்டிறைச்சியைக் கனமான துண்டாக வெட்டி, நெருப்பில் வாட்டி, வெண்ணெய்ச் சாறு ஊற்றித் தருகிற இடம். அந்தக் கட்டடத்தில் வேலை இருந்த நாளெல்லாம் லிஃப்ட் போகும் பாதை முழுக்க வெண்ணெயும் இறைச்சியும் கலந்த வாசனை ஏறி வரும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் மனைவி முகர்ந்து பார்த்து, "இன்னைக்கு அந்த பில்டிங்கா? உங்களைப் பிச்சுத் தின்னலாம் போல இருக்கு" என்பாள். ஒருநாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று இவரும் வருஷக் கணக்காகக் கதை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டார். மெத்தென்று, சாறோடு, சின்னத் துண்டாக இருந்தால் இறைச்சியும் முயற்சி செய்யலாம், தாடையைத் தாழ்த்திக்கொண்டு விழுங்குங்கள் என்று அவள் பச்சைக்கொடி காட்டிவிட்டாள். உடனே வீட்டில் அறிவித்தார். இப்போதெல்லாம் அவர் குரல் எண்ணெய் காணாத கதவைத் திறப்பது போல வரும். பக்கத்தில் வந்தால்தான் கேட்கும்.

"எதுக்குங்க வம்பு? முழுசா குணமாகட்டும், அப்புறம் போலாம்" என்றாள் மனைவி.

"இதுக்கு மேல குணமாக நான் என்ன புதுசா பொறந்தா வரணும்? போறோம். நாலு பேரும் போறோம். நீ என் எதிர்ல உக்காந்து சாப்பிடணும்."

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள். "நீங்க சாப்பிட்டா நான் சாப்பிடுறேன்."

"சத்தியமா?"

"நீங்க முதல்ல சாப்பிடுங்க, பாக்கலாம்."

ஆக, ஒப்பந்தம் இதுதான். அவர் தொண்டையில் இறங்கினால் அவள் தொண்டையிலும் இறங்கும். இறங்காவிட்டால் பழையபடி சமையலறை, சாத்திய கதவு, திறந்த குழாய். இன்னொரு தடவை தைரியமாகக் கேட்க அவருக்கும் தெம்பு இருக்காது.

மறுநாள் சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் கிளம்பிவிட்டார்கள். மச்சினன் காரோட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்யும் தப்புக்கெல்லாம் தன் காலடியிலிருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகிய கால் அது. பயம் வந்தால் எங்கே இருந்தாலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அக்கா கல்யாணத்தன்று மேடையிலும் அழுத்தினான், அத்தானுக்குக் கட்டி என்று கேட்டபோதும் அழுத்தினான்.

ஹோட்டலுக்குள் போனார்கள். சுவர் நெடுகக் கண்ணாடி, சிவப்புத் திரைச்சீலை, முதுகு சாயத் தோல் தைத்த நீள பெஞ்சு, மேசை விரிப்பின் மேல் வெள்ளைக் காகிதம். மனைவி திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்ப்பவள். உட்காருவதற்கு முன்னால் பக்கத்திலிருந்த சீலையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். "வெளியிலதான் வெல்வெட்டு. உள்துணி மட்டமான துணி" என்று மகளிடம் கிசுகிசுத்தாள். அவள் இப்படிக் குற்றம் கண்டுபிடித்து எத்தனை நாளாயிற்று என்று லிஃப்ட்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம். அவளைத் தனக்கு நேர் எதிரில் உட்கார வைத்தார்.

அந்தக் கடையில் மெனு அட்டை என்று ஒன்று கிடையாது. ஒரே சாப்பாடு: முதலில் இலைக் காய்கறி, அப்புறம் ஸ்டேக், கூட உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டியும். கேட்பது ஒரே கேள்வி, எவ்வளவு வேகணும் என்பது. பதிலை மேசைக் காகிதத்திலேயே பென்சிலால் கிறுக்கிவிட்டுப் போவார்கள். பரிமாறும் பெண் வந்தாள், காதிடுக்கில் பென்சிலோடு.

"மேடம், உங்களுக்கு எவ்வளவு வேகணும்?"

"நல்லா வேகட்டும்" என்றாள் மனைவி.

"எனக்கும் நல்லா" என்றாள் மகள்.

"அடிப்பிடிக்கிற வரைக்கும் வேகட்டும். பச்சையா கடிச்சுத் தின்ன நாம என்ன புலியா?" என்றான் மச்சினன்.

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு எப்படின்னு எங்களுக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எப்படித் தெரியும்? அவர் மூன்று பேரையும் பார்த்தார். மனைவி திரைச்சீலையைப் பார்த்தாள். மகள் போனைப் பார்த்தாள். மச்சினன் கூரையில் எதையோ தீவிரமாக ஆராய்ந்தான். பழைய வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ என்று அவர் விட்டுவிட்டார்.

தட்டுகள் வந்தன. மற்ற மூவருக்கும் பழுப்பு நிறத்தில் வரிசையாக அரிந்த துண்டுகள், மேலே பச்சை நிற வெண்ணெய்ச் சாறு. அவருக்கு மட்டும் ஒரு கிண்ணம். அதற்குள் கறுப்பாக, பொடிப்பொடியாக, கருகின புளியங்கொட்டை மாதிரி ஏதோ கிடந்தது. கரண்டியால் தட்டினால் சத்தம் வந்தது. மூன்று ஜோடிக் கண்களும் அவர் தொண்டை மேல் குத்திட்டு நின்றன. யாரும் முள்கரண்டியைத் தொடவில்லை.

சரி, வந்தது வரட்டும் என்று ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். அது பாட்டுக்கு அது இருந்தது. எச்சில் ஊறாத வாய், அதற்குள் கல். இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். எதிரில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகவாவது இறங்கித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சியபடி, தாடையைத் தாழ்த்தி விழுங்கினார்.

இறங்கவில்லை. பாதியில் நின்றது.

அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். இருமினார், முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. மகள் முதுகில் தட்டினாள், மனைவி மேசையைச் சுற்றி ஓடி வந்தாள், மச்சினனின் கால் மேசைக்கடியில் தரையைத் துளைத்தது. ஒருவழியாக அது கைத்துண்டில் வந்து விழுந்தபோது உணவகமே அமைதியாகி, எல்லாத் தலையும் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. நல்லவேளை, அவரவர் மரியாதையாகத் தங்கள் தட்டுக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

"போதும்ங்க" என்றாள் மனைவி. "உங்களைப் படுத்தி நான் ஒண்ணும் சாப்பிட வேண்டாம். எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

அவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கிண்ணத்தின் மேல் கோபம், தொண்டையின் மேல் கோபம், ஒரு துண்டு இறைச்சியைக் கூட உள்ளே அனுப்பத் துப்பில்லாத தன்மேல் கோபம். அவள் தட்டைப் பார்த்தார். தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. இனி ஆயுசுக்கும் அந்தக் குழாய் ஓடும் என்று நினைத்தபோது அழுதுவிடுவோமோ என்றிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

பரிமாறும் பெண் தண்ணீர்க் குவளையோடு ஓடி வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "சார், மன்னிச்சிடுங்க சார். எங்க சமையல்காரர் அப்பவே சொன்னாரு, இதுக்கு மேல வேக வச்சா கல்லாயிடும்னு. நான்தான் வற்புறுத்தினேன். மூணு பேர் போன் பண்ணிச் சொல்லும்போது நான் என்ன சார் செய்ய முடியும்?"

"மூணு பேரா?" என்றார் லிஃப்ட்காரர்.

"ஆமா சார். நேத்து முதல்ல ஒரு அம்மா பேசினாங்க. வீட்டுக்காரருக்குத் தொண்டை சரியில்ல, அவருக்கு மட்டும் நல்லா வேகட்டும், நான் சொன்னேன்னு அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்கன்னாங்க. சரின்னு எழுதிக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணு. எங்கப்பாவால மெல்ல முடியாது, சாதாரணமா வேக வைக்கிறதை விட இன்னும் கொஞ்சம் வேகட்டும், பொடியா நறுக்கிடுங்க, எங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னாங்க. சரி, அதுக்கு மேல கொஞ்சம்னு எழுதினேன். இன்னைக்குக் காலையில ஒருத்தர்..." அவள் தயங்கினாள்.

"சொல்லும்மா."

"எங்க அத்தானுக்கு நல்லா வேகணும், குக்கர்ல போட்டு அஞ்சு விசில் விடுங்கன்னாரு. எங்ககிட்ட குக்கர் இல்ல சார்னேன். குக்கர்கூட இல்லாம என்ன ஹோட்டல் நடத்துறீங்கன்னு ஒரே சத்தம். சமையல்காரர் அதைக் கேட்டுட்டு, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அடுப்புல போட்டாரு. போடும்போது கண்ணு கலங்கிட்டாரு சார்."

மூன்று பேரும் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றார்கள். "நீயுமா?" என்று மனைவி மகளைப் பார்த்தாள். "நீங்க பண்ணினீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள் மகள். மச்சினன் அசடு வழிந்தான். "நல்லதுக்குத்தான் அத்தான் சொன்னேன். பஞ்சு மாதிரி வரும்னு நெனச்சேன்."

லிஃப்ட்காரர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் அடைத்துக்கொண்டதோ என்று மகள் பாய்ந்தாள். அடைக்கவில்லை, சிரிக்கிறார். குரல் போன மனிதர் சிரித்தால் காற்றுப் போன டயர் மாதிரி புஸ் புஸ்ஸென்றுதான் வரும். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது, அப்படியே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு விசிலாம்!" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலில் மகளுக்குத் தொற்றியது, பிறகு மச்சினனுக்கு. மனைவி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்ன ஜென்மங்கள் இவர்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், ஒளிந்து நின்று, ஒரே கடைக்குப் போன் போட்டு, பாசத்தாலேயே ஆளைக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள். இப்படி மூன்று பைத்தியங்கள் தனக்கு வாய்த்ததற்கு என்ன புண்ணியம் செய்தோமோ என்று நெஞ்சு நிறைந்தது. எத்தனையோ பேர் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அவருக்கு ஒரு நாளும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததில்லை.

"எல்லாரும் உக்காருங்க. நான் இன்னும் சாப்பிடல" என்றார்.

"வேண்டாம்ங்க" என்றாள் மனைவி.

அவர் பரிமாறும் பெண்ணிடம் திரும்பினார். "சமையல்காரர் இஷ்டத்துக்கு விட்டிருந்தா எனக்கு எப்படிச் செஞ்சிருப்பாராம்?"

"இந்தத் துண்டு அதிகம் வேகக் கூடாது சார். எலும்போட இருக்கிற கறின்னா தண்ணியில கொதிக்கக் கொதிக்கக் குழையும். இது நேர்மாறு. உள்ள சிவப்பா இருக்கும்போதுதான் வெண்ணெய் மாதிரி இருக்கும்."

"சிவப்பாவே கொண்டு வாம்மா. சாறு நிறைய ஊத்து."

"ஐயையோ, ரத்தம்!" என்று மனைவி மார்பில் கை வைத்தாள்.

"ஒரு வருஷமா என்கிட்டருந்து குப்பி குப்பியா எடுத்தாங்களே, அப்பல்லாம் நீ பக்கத்துலதானே நின்னே? இந்த மாட்டுக்கிட்டருந்து கொஞ்சம் திரும்பி வரட்டும், விடு."

சமையல்காரர் தானே கொண்டு வந்தார். நல்ல ஆகிருதி, நெற்றியெல்லாம் வியர்வை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஓரமாக நின்று, மற்ற மூவரைப் போலவே லிஃப்ட்காரரின் தொண்டையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தட்டில் காகிதம் போல மெல்லிசாக அரிந்த துண்டுகள், நடுவில் ரோஜா நிறம், சுற்றிலும் சாறு குளம் கட்டி நின்றது.

அவர் ஒரு துண்டைச் சாற்றில் புரட்டி நாக்கில் வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு இப்போதெல்லாம் எதுவும் உடனே தெரியாது. மெதுவாக மென்றார். உப்பு தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து, எங்கேயோ நாக்கின் ஓரத்தில், வெண்ணெய் தெரிந்தது. இருட்டான லிஃப்ட் பாதையில் மேலேறி வருமே, அதே வெண்ணெய்தான். தாடையைத் தாழ்த்தினார். விழுங்கினார்.

எல்லோரும் அவர் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

"இறங்கிடுச்சு" என்றார்.

மச்சினனின் கால் பிரேக்கிலிருந்து எழுந்தது. மகள் "அப்பா!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சமையல்காரர் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, நெற்றியைத் துடைத்தபடி உள்ளே போனார். லிஃப்ட்காரர் இரண்டாவதைச் சாப்பிட்டார், மூன்றாவதைச் சாப்பிட்டார். இருமல் வரவில்லை. அவருக்கு அந்த நேரத்தில் யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஊசி போட்ட நர்ஸிலிருந்து உயிரைக் கொடுத்த மாடு வரைக்கும் எல்லோரையும் கும்பிட வேண்டும் போலிருந்தது. ஆனால் முக்கியமான காரியம் இன்னும் பாக்கி இருந்தது.

"இப்ப நீ" என்றார் மனைவியிடம்.

"சாப்பிடுறேன், சாப்பிடுறேன்" என்று அவள் முள்கரண்டியை எடுத்தாள். தட்டை இடது கையில் தூக்கிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைத் திருப்பி, திரைச்சீலைப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். அவள் அதை அறிந்து செய்யவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது. துண்டு வாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றார்.

அவள் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்ததும் முள்கரண்டி கீழே இறங்கிவிட்டது. "முடியலங்க. உங்களை வச்சுக்கிட்டு எனக்கு இறங்க மாட்டேங்குது. நீங்க சாப்பிட்டதுலயே எனக்கு வயிறு நெறஞ்சுடுச்சு. சத்தியமா பசியே இல்ல."

பார்த்தீர்களா? அவர் தொண்டை திறந்த பிறகு அவள் தொண்டை அடைத்துக்கொண்டது. லிஃப்ட்காரர் கைத்துண்டால் வாயைத் துடைத்தார். இத்தனை மாதமாக வாயைத் திறக்காமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

"குழாயைத் திறந்து வச்சுக்கிட்டு, சுவத்தைப் பாத்துக்கிட்டு, நின்னுக்கிட்டே சாப்பிடுறியே. எனக்குத் தெரியும்."

மகள் அம்மா கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்தாள். "எப்ப பாத்தீங்க?" என்றாள் மனைவி, சன்னமான குரலில்.

"எப்பவோ."

"உங்களுக்குச் சத்தம் கேட்டா கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

"தண்ணி சத்தம்தான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. உள்ள படுத்துக்கிட்டு, அவ சாப்பிட்டாளா, அரை வயித்தோட கழுவிக் கவுத்துட்டாளான்னு தெரியாம தவிப்பேன். நீ மெல்லுற சத்தம் எனக்குக் கேக்கணும். அதைக் கேக்கத்தான் உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. கடைசி வார்த்தைகள் காற்றாகத்தான் வந்தன. அவளுக்கு மட்டும் கேட்டது. அவர் தன் தட்டிலிருந்து ஒரு ரோஜா நிறத் துண்டை எடுத்து, சாறு சொட்டச் சொட்ட, மேசைக்குக் குறுக்கே அவள் வாயருகே நீட்டினார்.

"எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் அவள்.

"நான் அடைச்சுக்கிட்டு இருமினப்பவும் எல்லாரும்தான் பாத்தாங்க. இதையும் பாக்கட்டும்."

அவள் வாயைத் திறந்தாள். மென்றாள். வெண்ணெய் உதட்டோரம் வழிந்தது, கண்ணீர் வேறு அதோடு சேர்ந்துகொண்டது. ரத்தம் என்று அலறியவள் கண்ணை மூடிக்கொண்டு மென்று, விழுங்கி, உதட்டை நக்கினாள். பிறகு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். ஏதோ மறந்துபோன விஷயம் திடீரென்று ஞாபகம் வந்தவள் மாதிரி ஒரு பார்வை.

"ஏங்க" என்றாள். "எனக்குப் பசிக்குதுங்க."

"சாப்பிடு."

"இல்லங்க, ரொம்பப் பசிக்குது. எத்தனை மாசமா பசிக்குது தெரியுமா!" என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினாள். விசும்பிக்கொண்டே அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அதில் மிச்சமிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். மச்சினன் உருளைக்கிழங்கு வறுவலை அவள் பக்கம் தள்ளினான், அதையும் சாப்பிட்டாள். மகள் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள், சாற்றை வழித்துச் சாப்பிட்டாள். லிஃப்ட்காரர் முன்னால் ஒன்றுமில்லை, வெறும் மேசைக் காகிதம்தான். அவர் பரிமாறும் பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டு, தன் கம்மிய குரலில், இதே மாதிரி இன்னும் இரண்டு தட்டு வேண்டும் என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, காதைக் கொஞ்சம் அவள் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.